ரூபாயில் வரவு, டாலரில் செலவு: கனடா மாணவர் வீடியோக்களை வாசித்தல்

2022 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமாரபாளையத்தில் சித்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யூட்யூப் வீடியோ ஒன்றைக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். கனடாவில் படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன், பார்ட்டைம் வேலையில் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 15 டாலர், வாரத்துக்கு 20 மணி நேரம், நான்கு வாரம். ஆக 1,200 டாலர். அதை 60ஆல் பெருக்கி, “எழுபத்தி ரெண்டாயிரம் ரூபா ப்ரோ” என்றான். 72,000 என்ற எண் மஞ்சள் நிறத்தில் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. கூடவே காசு கொட்டும் சத்தம்.

“எட்டுத் தறியும் நிக்காம ஓடுனாக்கூட நமக்கு இது மிஞ்சறதில்லையே” என்றார் சித்தப்பா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சித்தி என் பக்கம் திரும்பி, “கண்ணு, நீ கம்ப்யூட்டர்லயே இருக்கறவன். இதெல்லாம் நெசந்தானான்னு பாத்துச் சொல்லு” என்றார். பம்புசெட் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்து அலுத்துப்போயிருந்த தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “கணக்கு சரியாத்தான் இருக்குது சித்தி” என்றேன்.

அதில் பொய் இல்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 15 டாலர்தான். கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பதும் சரிதான். அடுத்த ஜனவரியில் தம்பி விமானம் ஏறினான். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அதே வீடியோவைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். வரவுக் கணக்கு முடிந்ததும் செலவுக் கணக்கு வருகிறது. “ரூம் ரெண்ட் வெறும் அறுநூறு டாலர்தான். க்ரோசரி ஒரு இருநூத்தம்பது. போன் நாப்பது.” அவ்வளவுதான். பெருக்கல் கிடையாது, மஞ்சள் எழுத்தும் கிடையாது. அறுநூறு என்று கேட்கும் காதுக்கு அது அறுநூறாகத்தான் விழுகிறது, முப்பத்தாறாயிரமாக விழுவதில்லை. வரவு ரூபாயில், செலவு டாலரில். அந்தப் பையன் திட்டமிட்டு ஏமாற்றினான் என்று நான் நினைக்கவில்லை. சம்பாதிப்பதை ஊருக்காகவும் செலவழிப்பதை அங்கே இருப்பதற்காகவும் எண்ணுவது வெளிநாட்டில் இருப்பவர்களின் இயல்பான பழக்கம். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தில் பெருக்கல் நின்றுபோன இடத்தை, தினமும் எண்களோடு புழங்குகிற நான் கவனிக்கவில்லை. 1.5 வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன் என்பது ஒரு காரணம். அதை ‘தகவல்’ என்று நினைத்துப் பார்த்தேன் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்தக் கட்டுரை அந்தத் தவறிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த வீடியோக்களைத் தகவலாகப் பார்க்காமல் ஒரு கதை வடிவமாகப் பார்த்தால் என்ன தெரியும்?

வடிவம்

கடந்த சில மாதங்களில் தமிழில் வந்த கனடா மாணவர் வீடியோக்களில் நூறுக்கு மேல் பார்த்திருப்பேன். ஆளும் ஊரும் மாறினாலும் வரிசை மாறுவதில்லை. முதலில் விமான நிலையம்: அம்மா கண்ணைத் துடைக்கிறார், மெல்லிய பியானோ இசை, தள்ளுவண்டியில் இரண்டு பெட்டி. அடுத்தது ரூம் டூர். பிறகு வால்மார்ட்டில் முதல் சாமான் வாங்கல். முதல் பனி, கை நீட்டிப் பிடித்து, “மச்சான் ஸ்நோ டா!” அப்புறம் ‘மாசச் செலவு எவ்ளோ’, ‘முதல் சம்பளம்’, ‘பார்ட்டைம் கிடைக்குமா கிடைக்காதா’. இங்கே ஒரு நீண்ட இடைவெளி. அதன் பின் ஒருநாள் ‘பிஆர் கிடைச்சாச்சு’ என்றோ, ‘கனடா வராதீங்க’ என்றோ ஒரு வீடியோ வரும்.

அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு மாணவனின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான் போகிறது. பேருந்துக்குக் காத்திருப்பது, வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது, ஷிப்ட் வருமா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பது. காத்திருப்பதை வீடியோவாக எடுக்க முடியாது. எடுத்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். நாவலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை’ என்ற ஒரு வாக்கியத்தின் கனத்தை, அதற்கு முன்னும் பின்னும் எழுதுவதன் மூலம் நாவலாசிரியரால் வாசகர் மேல் இறக்கிவைக்க முடியும். வ்லாகில் அந்த மூன்று மாதம் இரண்டு வீடியோக்களுக்கு நடுவே காணாமல் போகிறது. பார்ப்பவர் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்க்கும்போது, முதல் பனிக்கும் முதல் சம்பளத்துக்கும் இடையே ஐந்து விநாடி விளம்பரம் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே இந்த வடிவத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, நடு கிடையாது. தம்பி போனது அந்த நடுப்பகுதிக்குள்.

கடிதமும் பொய் சொன்னது

உடனே ‘அந்தக் காலத்துக் கடிதம் மாதிரி வருமா’ என்று ஏங்கத் தோன்றும். அந்த ஏக்கத்தை நான் நம்பவில்லை. கடிதமும் பொய்தான் சொன்னது. பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ 2008இல் மலையாளத்தில் வந்து, தமிழிலும் பலர் வாசித்த நாவல். பாலைவனத்தில் ஆட்டுக் கொட்டடியில் சிக்கிக்கொண்ட நஜீப், மனைவிக்கு மனதுக்குள்ளேயே கடிதம் எழுதுவான். அதில் எல்லாம் நன்றாக இருக்கும். அனுப்ப வழியே இல்லாத கடிதத்தில்கூட அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. போன இடத்தில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது, பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்குச் செலுத்துகிற ஒரு வகை வட்டி. மலேயா, பர்மா, துபாய் என்று எல்லாத் தலைமுறையும் அதைச் செலுத்தியிருக்கிறது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தின் பொய் ஒரு வீட்டுக்குச் சொன்ன பொய். படிப்பவர்களுக்கு எழுதியவனைத் தெரியும். ‘கையெழுத்து ஏன் இப்படிக் கோணுது’ என்று அம்மா கேட்பாள். பணம் வரவில்லை என்றால் கடிதம் எவ்வளவு இனித்தாலும் வீட்டுக்கு விஷயம் புரிந்துவிடும். பொய்யைச் சரிபார்க்க உறவு ஒன்று இருந்தது. வீடியோவின் பொய், அல்லது அரை உண்மை, முன்பின் தெரியாத பத்தாயிரம் பேருக்குப் போகிறது. அவர்களிடம் சரிபார்க்கும் கருவி ஏதும் இல்லை. ஒரு வீட்டைச் சமாதானப்படுத்துவதற்காகப் பிறந்த பேச்சு, பல வீடுகளுக்கு முடிவெடுக்கும் ஆதாரமாகிவிடுகிறது. அதுதான் புதுசு.

காலாவதியாகாத காணொளி

இன்னொன்றும் புதுசு. கடிதத்தின் தலையில் தேதி இருக்கும். பழைய கடிதம் பழுப்பாகிப் பழசு என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். வீடியோவுக்கு வயதே தெரியாது.

2021 பிப்ரவரி 13 அன்று கனடா குடிவரவுத் துறை எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஒரு அழைப்புச் சுற்று நடத்தியது. கனடாவில் வேலை அனுபவம் பெற்றிருந்த 27,332 பேருக்கு ஒரே நாளில் நிரந்தரக் குடியிருப்புக்கான அழைப்பு போனது. கட்ஆஃப் 75 மதிப்பெண். அதற்கு முந்தைய சுற்றுகளில் அது 400க்கு மேல் இருப்பதுதான் வழக்கம். கோவிட் காரணமாக வெளியிலிருந்து ஆள் வர முடியாத சூழலில், உள்ளே இருப்பவர்களை வைத்தே அந்த ஆண்டின் இலக்கை எட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அடுத்து எப்போது நடக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு அந்தப் பிரிவுக்கான அழைப்புகளே நின்றுபோயின. 2022 ஜூலை 6இல் பொதுச் சுற்று மறுபடி தொடங்கியபோது கட்ஆஃப் 557.

ஆனால் 75 பற்றிய வீடியோக்கள் அழியவில்லை. ‘படிச்சு முடிச்சா பிஆர் கன்ஃபார்ம்’ என்று தலைப்பிட்ட அவை, 2022 ஆடியிலும் தேடினால் மேலே வந்து நின்றன. ஏற்கெனவே லட்சம் பேர் பார்த்ததால் மேலே வந்தன. மேலே வந்ததால் இன்னும் லட்சம் பேர் பார்த்தார்கள். 557 பற்றிய வீடியோவை அப்போதுதான் யாரோ ஏற்றியிருப்பார்கள், அதற்குப் பார்வையாளர்கள் இன்னும் சேர்ந்திருக்கவில்லை.

என் வேலையே இந்த மாதிரி வரிசைப்படுத்தும் மென்பொருளோடுதான். பொருள் விற்கும் செயலி ஒன்றில் எந்தப் பொருள் முதலில் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்யும் நிரலை எழுதும் குழுவில் இருக்கிறேன். எங்கள் நிரலுக்கு ‘இது உண்மையா’ என்ற கேள்வியே கிடையாது, ‘இதை இவர் தொடுவாரா’ என்பது மட்டும்தான். யூட்யூப் 2012இல் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறியது. வெறும் தலைப்பைக் காட்டி ஏமாற்றும் வீடியோக்களைக் கீழே தள்ள அது உதவியது, நல்ல நோக்கம்தான். ஆனால் ஆசையும் பயமும் மனிதரை நெடுநேரம் உட்காரவைக்கும். தம்பி ஒரு நாள் கனடா என்று தேடினான். ஒரு வாரத்தில் அவன் போனில் உலகமே கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. “எல்லாரும் போறாங்கண்ணா” என்றான். அவன் பார்த்தது அவனுடைய நேற்றைய தேடலை. அதை ஊர் நிலவரம் என்று எடுத்துக்கொண்டான்.

யார் காசு

நான் படித்த இலக்கிய விமர்சனம் கேட்கப் பழக்கிய கேள்விகளில் ஒன்று: இந்தக் கதையைச் சொல்வதால் சொல்பவனுக்கு என்ன கிடைக்கிறது?

வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வங்கிக் கணக்கு தொடங்க ஒரு லிங்க், சிம் கார்டுக்கு ஒரு லிங்க், பணம் அனுப்பும் செயலிக்கு ஒரு லிங்க், கல்விக் கடனுக்கு ஒரு லிங்க், ‘இலவச ஆலோசனை’ தரும் கன்சல்டன்சியின் வாட்ஸ்அப் எண். பலவற்றில் நாம் சேர்ந்தால் அவருக்குச் சிறு தொகை போகும். கன்சல்டன்சிக்கு எங்கிருந்து வருகிறது? சேர்த்துவிட்ட மாணவருக்காகக் கல்லூரி தரும் கமிஷனிலிருந்து. கல்லூரிக்கு? மாணவரின் கட்டணத்திலிருந்து. இலவச ஆலோசனைக்குக் காசு கொடுத்தது சித்தப்பாவின் வீட்டுப் பத்திரம்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

கல்லூரிகள் ஏன் இப்படித் தேடித் தேடி ஆள் சேர்க்கின்றன? ஒன்டாரியோ அரசு 2019இல் உள்நாட்டு மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அதன்பின் உயர்த்தாமல் நிறுத்திவைத்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட வெளிநாட்டு மாணவர்களே வழி என்றானது. 2021 டிசம்பரில் அந்த மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21இல் அரசுக் கல்லூரிகளின் மாணவர்களில் 30 சதவீதம் பேர் வெளிநாட்டவர். ஆனால் கட்டண வருமானத்தில் 68 சதவீதம் அவர்கள் கொடுத்தது. அந்த வெளிநாட்டு மாணவர்களில் 62 சதவீதம் பேர் இந்தியர்கள். இந்த எண்களைப் பார்த்த பிறகு ‘முதல் பனி’ வீடியோவைப் பார்த்தால், கை நீட்டிப் பனியைப் பிடிக்கும் பையன் தன்னை அறியாமலேயே ஒரு மாகாணத்தின் கல்வி பட்ஜெட்டுக்கு விளம்பரம் செய்துகொண்டிருப்பது தெரியும்.

சரி, ‘வராதீங்க’ என்கிற வீடியோக்கள்? 2024க்குப் பிறகு அவைதான் அதிகம். அந்த ஜனவரியில் கனடா படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. வேலைக்காக நீளும் வரிசைகளின் வீடியோக்கள் பரவின. காற்று திரும்பியதும், போன வருடம் ‘வாங்க’ என்றவர்களில் சிலரே ‘வராதீங்க’ என்றார்கள். அதே மஞ்சள் எழுத்து, அதே அதிர்ச்சி முகம், விவரப் பெட்டியில் அதே லிங்குகள். ஒருவர் ‘கனடா முடிஞ்சுபோச்சு’ என்று பேசிவிட்டு, கீழே ஜெர்மனிக்குப் போக ஆலோசனை எண் கொடுத்திருந்தார். ஆசையை விற்ற கடையிலேயே பயமும் கிடைக்கிறது. நடுப்பகுதி இதிலும் இல்லை.

கேமரா நிற்கும் இடம்

2023 நவம்பரில் அலுவலக வேலையாக மூன்று வாரம் டொரன்டோ போனேன். ஒரு சனிக்கிழமை பிராம்ப்டனில் தம்பியைப் பார்க்கப் போனேன். அவனுடைய ரூம் டூர் வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தேன். இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான், சித்தி எல்லோருக்கும் காட்டியிருந்தார். சன்னலோரம் மேசை, அதில் லேப்டாப், சின்னச் செடி, சுவரில் மஞ்சள் விளக்குச் சரம்.

மேசை இருந்தது. செடியும் இருந்தது, பிளாஸ்டிக். ஆனால் அது பேஸ்மென்ட். சன்னல் தரை மட்டத்தில் ஒரு சாண் உயரம். அறையில் மூன்று மெத்தைகள் தரையில் கிடந்தன, கூடத்தில் இன்னும் இரண்டு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான். “இங்க நின்னு எடுத்தா அந்த ரெண்டு பெட்டும் தெரியாதுண்ணா” என்று கதவின் ஓரத்தில் போய் நின்று காட்டினான். ஆமாம், தெரியவில்லை.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளரை நான் பல வருடம் முன்பு படித்திருந்தேன். கனடாக்காரர். அல்பர்ட்டாவில் பிறந்து டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஆய்வுக்காக ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவில் தங்கி, அங்கே ஒரு ஹோட்டலைக் கவனித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் ஆள் கதவைத் தள்ளி அடுக்களைக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிறான். மேடை முன்பக்கம், மேடைப் பின்பக்கம் என்று மனித நடத்தையை அவர் பிரித்துப் பார்த்தது ‘தி பிரசன்டேஷன் ஆஃப் செல்ஃப் இன் எவ்ரிடே லைஃப்’ என்ற நூலில். 1959இல் அது விரிவாக வெளிவந்தது. தம்பி அப்போது ஒரு உணவகத்தின் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் என்பதால் அந்த ஹோட்டல் கதவு எனக்கு ஞாபகம் வந்தது.

கோஃப்மனின் பார்வையில் பின்பக்கம் ஒரு குறை அல்ல, அது ஒரு தேவை. அங்கேதான் மனிதன் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சு விடுகிறான். தம்பிக்குப் பின்பக்கம் இல்லை. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அழ இடமில்லை. போனில் சித்தி, இன்ஸ்டாகிராமில் ஊர். அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் யாருக்கெல்லாம் தெரியக்கூடாது என்ற பட்டியலைக் காட்டினான். நாற்பத்தி மூன்று பெயர்கள். நானும் அதில் இருந்தேன். “உங்களுக்குத் தெரிஞ்சா சித்தி காதுக்குப் போயிரும்ல?” என்றான். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தது நான்கு பேர். நாள் முழுக்க பேருந்தும் அடுக்களையும் கழிந்த பிறகு அவன் உண்மையாக இருந்தது அந்த நான்கு பேருக்கு முன்னால் மட்டும், இருபத்து நாலு மணி நேரத்தில் அழிந்துபோகும் ஸ்டேட்டஸில்.

ஒத்தவரோடு ஒப்பீடு

மனிதன் தன்னை அளக்க, தன்னை ஒத்தவனைத்தான் அளவுகோலாக எடுப்பான் என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அம்பானியைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. ஒரே பேட்ச், ஒரே விமானம், ஒரே கல்லூரி, அவனுக்கு மட்டும் கோ-ஆப் வேலை கிடைத்துவிட்டது என்றால் கெடும். சமூக ஊடகம் செய்வது இதுதான், நம்மை ஒத்தவர்களைத் தேடிப் பொறுக்கி வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

வெளிநாட்டு மாணவனுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். அங்கே இருப்பவர்களில் முந்திப் போனவனைப் பார்த்து ஒரு ஏக்கம். ஊரில் கூட்டாளி கல்யாணத்தில் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் நிற்பதைப் பார்த்து இன்னொரு ஏக்கம். குளிர்காலத்தில் டொரன்டோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். வேலை முடிந்து அவன் படுக்கும் நேரத்தில் ஊர் விழித்துப் படம் போடத் தொடங்குகிறது. ‘தூக்கம் வரலை’ என்று அவன் சொன்னதைக் குளிரால் என்று நினைத்திருந்தேன். குமாரபாளையத்தின் காலை அவனுடைய இரவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் விடப் பாரமானது அவனே போட்ட வீடியோ. “திரும்பி வந்துரு, கடனைப் பாத்துக்கலாம்” என்று அன்று சொன்னேன், கொஞ்சம் வீரமாகவே. அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. “ரூம் டூர் போட்டேன்ல. அப்பா அதை மில்லுல எல்லாத்துக்கும் காட்டிட்டாரு. இப்ப வந்தா என்னன்னு சொல்றது?” தன் கதையைத் தானே பதிவுசெய்துவிட்டவன் அந்தக் கதைக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து தோற்றுத் திரும்பியவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு புதுக் கதையாவது இருந்தது. இவனுடைய பழைய கதை எல்லோர் போனிலும் இருக்கிறது, பியானோ இசையோடு.

எதிர்த்தரப்பு

இவ்வளவு சொன்னபிறகு, இந்த வீடியோக்களை வெறும் தீங்கு என்று எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் பொறியியல் படித்த காலத்தில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய விவரங்கள் யாரிடம் இருந்தன? மாமா அமெரிக்காவில் இருக்கும் வகுப்புத் தோழனிடம். ஜிஆர்இ எப்போது எழுத வேண்டும், பேராசிரியருக்கு எப்படி மெயில் போடுவது என்பதெல்லாம் சில தெருக்களுக்குள், சில சாதிகளுக்குள் புழங்கிய ரகசியங்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவான். தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு, எந்தக் காலணி பனியில் வழுக்காது, சமூகக் காப்பீட்டு எண் எங்கே வாங்குவது, வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம் நியாயமா என்பதையெல்லாம் அவன் தமிழிலேயே சொன்னது இந்த வீடியோக்கள்தான். தம்பி அங்கே முதல் நாள் இரவு பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு ஒரு வ்லாகர் காரணம்.

2023இல் போலிச் சேர்க்கைக் கடிதங்கள் தந்து ஏமாற்றப்பட்ட இந்திய மாணவர்களுக்கு, பெரும்பாலும் பஞ்சாபியர்களுக்கு, நாடுகடத்தல் நோட்டீஸ் வந்தது. அவர்கள் மிசிசாகாவில் எல்லைச் சேவை அலுவலகத்துக்கு வெளியே பந்தல் போட்டு இரவு பகலாக உட்கார்ந்தார்கள். நாடு முழுக்கச் சிதறிக் கிடந்து, தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று வெட்கத்தில் ஒளிந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதில் போனுக்குப் பங்குண்டு. ஏமாற்றப்பட்டதாகத் தெரியவரும் உண்மையான மாணவர்களை நாடுகடத்தமாட்டோம் என்று அரசு அந்த ஜூனில் இறங்கிவர வேண்டியிருந்தது. எந்தக் கருவி ரூம் டூரைப் பரப்பியதோ அதுவே அந்தப் பந்தலையும் பரப்பியது.

அதனால் ‘வீடியோ பார்க்காதே’ என்பது என் வாதம் அல்ல. நாவலைப் படிக்கும்போது ‘இதைச் சொல்வது யார், எங்கே நின்று சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார்’ என்று நாம் பழகி வைத்திருக்கிறோம். நம்பகமற்ற கதைசொல்லி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பழக்கம் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எனக்குக் கைகொடுக்கவில்லை. புத்தக அலமாரிக்கு முன்னால் மட்டும் வேலைசெய்யும் வாசிப்பாக அதை வைத்திருந்தேன்.

ஒரு எக்ஸெல் கோப்பு

தம்பி இப்போது படிப்பை முடித்துவிட்டான். மூன்று வருட வேலை அனுமதி இருக்கிறது. ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். பிஆர் மதிப்பெண் கட்ஆஃபுக்கு நிறைய கீழே. வங்கிக்கு மாதத் தவணை தவறாமல் போகிறது. வென்றான், தோற்றான் என்று இரண்டு வகையாகவும் இதை வீடியோ எடுக்க முடியாது.

போன மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ரூம் டூர் பார்த்தானாம். “அண்ணா, நானும் வரலாம்னு இருக்கேன். அட்வைஸ் சொல்லுங்க.” தம்பி என்னைக் கூப்பிட்டான். வா என்று சொன்னால் பாவம், வராதே என்று சொன்னால் ‘தான் மட்டும் போயிட்டு’ என்பார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு எக்ஸெல் கோப்பு தயாரித்தான். இரண்டு வருடம், மாதம் ஒரு வரிசை. வாடகை, சாப்பாடு, பஸ், போன், கட்டணம், வேலை கிடைக்காத மூன்று மாதம், ஷிப்ட் வெட்டப்பட்ட ஒரு பிப்ரவரி, பல் வலிக்குக் கொடுத்த காசு. எல்லாமே டாலரிலும் ரூபாயிலும் பக்கம் பக்கமாக. எனக்கும் அனுப்பினான். நான் படித்த அவனுடைய முதல் முழுமையான சுயசரிதை அது. காத்திருந்த மாதங்களுக்கும் அதில் ஒரு வரிசை இருந்தது.

அந்தப் பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான்.

“தேங்க்ஸ்ணா. இதையே வீடியோவா எடுத்துப் போட்டிருந்தா லிங்க் அனுப்புங்கண்ணா, வீட்ல காட்டணும்.”

எடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான். எடுத்தால் எங்கே நின்று எடுப்பது என்றுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.